நகர்மன்றத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும்

விளைநிலம் மனையாவதைப் பற்றி எந்த உழவர் கூட்டத்தில் பேச்செடுத்தாலும், கடைசியில் யாராவது ஒருவர் எழுந்து, "அதெல்லாம் தடுக்க முடியாதுங்க. பணம் இருக்கிறவன் வாங்குறான், சட்டத்தை மாத்துறான், நம்மாலே என்ன பண்ண முடியும்?" என்று முடித்துவிடுவார். கூட்டமும் தலையை ஆட்டிவிட்டுக் கலையும். அந்தச் சலிப்பு எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால், சட்டத்தால் காக்கப்பட்ட 7,400 ஏக்கர் நிலத்தை வீடு கட்டுவதற்காக ஓர் அரசு திறந்துவிட்டு, ஓராண்டுகூட ஆகும் முன்னே அதே அரசின் முதல்வர் மக்களிடம் மன்னிப்புக் கேட்டு அதைத் திருப்பி வைத்த கதையும் நடந்திருக்கிறது. நடந்த இடம் கனடா. டொரன்டோ நகரைச் சுற்றியுள்ள பகுதி.

"கனடா எங்கே, நாம எங்கே? அந்த ஊர் உழவர் நூற்றுக்கணக்கான ஏக்கரில் டிராக்டர் ஓட்டுகிறார், குளிர்காலம் முழுக்க நிலம் உறைந்து கிடக்கிறது, நமக்கு இதில் என்ன இருக்கு?" என்று கேட்கலாம். என் உறவுக்காரப் பையன் ஒருவன் டொரன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் இருக்கிறான். ஈழத்தமிழர்கள் பெருமளவில் வாழும் பகுதி அது. அவன் அனுப்பி வைத்த ஒரு செய்தியில் தொடங்கி, சில ஆண்டுகளாகக் கனடா நகரங்களின் உள்ளூர்ச் செய்திகளை விடாமல் படித்து வருகிறேன். படிக்கப் படிக்க எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டுவிட்டது. காலநிலை மாற்றத்தைப் பற்றி உலக மாநாடுகளில் என்ன பேசினாலும், ஒரு ஊரின் மண்ணும் நீரும் நிற்குமா போகுமா என்பது முடிவாகிற இடம் நகர்மன்றக் கூடமும் நிலப் பயன்பாட்டுக் கோப்பும்தான். அந்தக் கூடத்தில் உட்கார்ந்து, அந்தக் கோப்பைப் புரட்டி, ஊருக்குப் புரிகிற மொழியில் எழுத ஓர் ஆள் இருந்தால் நிலம் பிழைக்க வழியுண்டு. ஆள் இல்லையென்றால் எவ்வளவு நல்ல சட்டமும் காகிதம்தான்.

காலநிலைக் கொள்கை எங்கே எழுதப்படுகிறது?

கனடாவில் ஒன்றிய அரசு, மாகாண அரசு, நகராட்சி என்று மூன்று அடுக்கு. நகராட்சிக்குத் தனி அரசியல் சட்ட உரிமை கிடையாது. மாகாண அரசு நினைத்தால் நகராட்சியின் முடிவை மாற்றிவிடலாம். இருந்தாலும் அன்றாட வாழ்க்கையைத் தொடுகிற முடிவுகளில் பெரும்பகுதி நகராட்சியிடம்தான் இருக்கிறது. எங்கே வீடு கட்டலாம், எங்கே பேருந்து ஓடும், மழைநீர் எந்த வழியே போகும், குப்பை எங்கே சேரும் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. அந்நாட்டின் பசுங்குடில் வாயு வெளியீட்டில் ஏறத்தாழப் பாதி நகராட்சிகளின் செல்வாக்குக்கு உட்பட்டது என்று கனடிய நகராட்சிகள் கூட்டமைப்பே சொல்லி வருகிறது.

வயல்களுக்கு நடுவே ஒரு குடியிருப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பால் வாங்கவும் கார், பள்ளிக்கும் கார், வேலைக்கும் கார். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு அந்தப் புகையை நிறுத்த முடியாது. மழையைக் குடித்துக்கொண்டிருந்த மண் தார்ச்சாலையாகி, தண்ணீர் கீழேயுள்ள ஊரின் அடித்தளங்களுக்குள் புகும். உள்ளூரில் விளைந்த உணவு ஆயிரம் கல் தாண்டி லாரியில் வரும். ஆகவே விளைநிலத்தை விளைநிலமாக வைத்திருப்பதே ஒரு காலநிலைக் கொள்கை. அதைச் சூரியத் தகடு, மின்சாரக் கார் போன்றவற்றுக்கு அடுத்த வரிசையில் வைக்கத் தேவையில்லை. முதல் வரிசையிலேயே வைக்கலாம்.

பசுமை வளையம்

ஒன்டாரியோ மாகாணம் பரப்பில் மிகப் பெரியது. ஆனால் அதில் உழவுக்கு ஏற்ற நிலம் நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை. இருக்கிற அந்தக் கொஞ்ச நிலம் நல்ல மண். கனடாவின் முதல்தர விளைநிலத்தில் பாதிக்கு மேல் அந்த மாகாணத்தில்தான் இருக்கிறது. கெடுவாய்ப்பாக, நகரங்கள் வீங்குவதும் அதே மண்ணின் மேல்தான். 2016-க்கும் 2021-க்கும் இடைப்பட்ட வேளாண் கணக்கெடுப்பின்படி நாளொன்றுக்கு 319 ஏக்கர் விளைநிலம் குறைந்து வருகிறது என்கிறது ஒன்டாரியோ வேளாண் கூட்டமைப்பு. ஒரு நாளைக்கு 319 ஏக்கர். நம்ம பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் மொத்த நஞ்சையும் ஒரே நாளில் போவதற்குச் சமம்.

இதைத் தடுக்கத்தான் 2005-ல் டொரன்டோவைச் சுற்றி சுமார் 20 லட்சம் ஏக்கரைப் 'பசுமை வளையம்' என்று அறிவித்துச் சட்டம் போட்டார்கள். நயாகரா பக்கத்துப் பழத்தோட்டங்களும் திராட்சைத் தோட்டங்களும், கேரட்டும் வெங்காயமும் விளைகிற ஹாலண்ட் மார்ஷ் கரிமண் வயல்களும் அதற்குள் வருகின்றன. காடும் ஆற்றுப் படுகையும் உண்டு.

2022 நவம்பர் 4 அன்று டக் ஃபோர்டு தலைமையிலான மாகாண அரசு, வீட்டுப் பற்றாக்குறையைத் தீர்க்க என்று சொல்லி, அந்த வளையத்திலிருந்து 15 இடங்களில் 7,400 ஏக்கரை வெளியே எடுக்கப் போவதாக அறிவித்தது. 50,000 வீடுகள் வரும், பதிலுக்கு வேறு இடத்தில் 9,400 ஏக்கரைச் சேர்த்துவிடுவோம் என்றது. இங்கே இருக்கிற முதல்தர மண்ணுக்கு ஈடாக வேறெங்கோ இருக்கிற நிலம். மண்ணை வெறும் பரப்பளவாகப் பார்க்கிறவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு நேராக வரும்.

அந்த 15 இடங்களில் பெரியது, பிக்கரிங் நகரை ஒட்டிய டஃபின்ஸ் ரூஜ் வேளாண் காப்பகம். சுமார் 4,700 ஏக்கர். ஸ்கார்பரோவிலிருந்து ரூஜ் ஆற்றைத் தாண்டினால் வந்துவிடும். இந்த நிலத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1970-களில் அரசு அந்த வட்டாரத்தில் புதிய நகரத்துக்கும் விமான நிலையத்துக்கும் என்று உழவர்களிடமிருந்து பெருமளவில் நிலத்தை எடுத்தது. பிற்பாடு இந்தப் பகுதியை, எந்நாளும் உழவுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற கட்டுப்பாட்டைப் பத்திரத்தில் எழுதி, அதற்கேற்ற குறைந்த விலைக்கு விற்றது. 2022-ல் அந்தக் கட்டுப்பாட்டையே சட்டம் போட்டு நீக்கினார்கள். உழவு நிலம் என்று மலிவாகக் கைமாறிய மண், ஒரே கையெழுத்தில் மனை விலைக்குப் போக இருந்தது.

வில்லங்கம் போட்டுப் பார்த்தார்கள்

அறிவிப்பு வந்து இரண்டு வாரம் முடிவதற்குள், நவம்பர் 17 அன்று, 'த நார்வால்' என்ற சூழலியல் செய்தி நிறுவனமும் 'டொரன்டோ ஸ்டார்' நாளிதழும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டன. நார்வால் 2018-ல் தொடங்கிய, வாசகர் நன்கொடையில் நடக்கிற, இலாப நோக்கற்ற நிறுவனம். அந்தச் செய்தியாளர்கள் செய்த வேலையைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். நம்ம ஊர்ல நிலம் வாங்குமுன் வில்லங்கம் போட்டுப் பார்ப்போமே, அதைத்தான் செய்தார்கள். 15 இடங்களுக்கும் நிலப் பதிவு ஆவணங்களை எடுத்தார்கள். எந்த நிறுவனத்தின் பெயரில் நிலம் இருக்கிறது, அந்த நிறுவனத்துக்கு யார் இயக்குநர், எப்போது வாங்கினார்கள், அவர்கள் ஆளுங்கட்சிக்கு நன்கொடை கொடுத்தார்களா என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார்கள்.

விளைவு? ஃபோர்டு ஆட்சிக்கு வந்த 2018-க்குப் பிறகு வாங்கப்பட்ட நிலங்கள் எட்டு இடங்களில் இருந்தன. கிங் என்ற ஊரில் ஒரு நிலம் 8 கோடி டாலருக்கு, நம்ம பணத்தில் ஏறத்தாழ 490 கோடி ரூபாய்க்கு, 2022 செப்டம்பரில் கைமாறியிருந்தது. அரசு அறிவிப்புக்கு இரண்டு மாதம்கூட இல்லாத நேரம். கட்டவே முடியாத நிலத்தை இவ்வளவு விலை கொடுத்து ஒருவர் ஏன் வாங்க வேண்டும் என்ற கேள்வி ஊர் முழுக்கப் பரவியது.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உழவர் அமைப்புகளும் தொல்குடித் தலைவர்களும் எதிர்த்தார்கள். மக்கள் தெருவுக்கு வந்தார்கள். மாகாணத்தின் தலைமைத் தணிக்கையாளர் போனி லைசிக் 2023 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தார். நிலங்களைத் தேர்ந்தெடுத்த முறை சில கட்டுமான நிறுவனங்களுக்குச் சாதகமாக அமைந்தது, அமைச்சரின் அலுவலகத் தலைமை அலுவலரை அணுக முடிந்தவர்கள் கொடுத்த இடங்களே நீக்கப்பட்ட பரப்பில் சுமார் 92 விழுக்காடு, இதனால் உரிமையாளர்களின் நில மதிப்பு 830 கோடி டாலர் உயரக்கூடும் என்றது அறிக்கை. நம்ம கணக்கில் சுமார் 50,000 கோடி ரூபாய். தேர்வு முழுவதும் மூன்றே வாரத்தில் முடிந்திருந்தது. அதே மாதக் கடைசியில் நேர்மை ஆணையரின் அறிக்கையும் வந்தது. செப்டம்பரில் வீட்டுவசதி அமைச்சர் பதவி விலகினார், இன்னொரு அமைச்சரும் விலகினார். செப்டம்பர் 21 அன்று முதல்வர் ஃபோர்டு, பசுமை வளையத்தைத் தொட மாட்டேன் என்று கொடுத்த வாக்கை மீறிவிட்டதாகவும் அதற்காக மிகவும் வருந்துவதாகவும் சொல்லி, எல்லா நிலத்தையும் திருப்பிச் சேர்ப்பதாக அறிவித்தார். அக்டோபரில் கனடா ஒன்றியக் காவல்துறை விசாரணையைத் தொடங்கியது. டிசம்பரில் டஃபின்ஸ் ரூஜ் காப்பகத்தின் பழைய கட்டுப்பாடும் சட்டமாகத் திரும்பி வந்தது.

இதில் எல்லாப் பெருமையையும் இதழாளர்களுக்குக் கொடுக்க முடியாது. போராடிய மக்களுக்கும் தணிக்கையாளருக்கும் பங்கு உண்டு. ஆனால் எந்த நிலம், யாருடையது, எப்போது வாங்கியது என்ற மூன்று கேள்விகளுக்கு ஆவணத்தோடு விடை கையில் இல்லாமல் போயிருந்தால், போராடியவர்களை 'வீடு கட்டுவதைத் தடுப்பவர்கள்' என்று ஒதுக்குவது எளிதாக இருந்திருக்கும். அந்த வேலையை உள்ளூர்ச் செய்திதான் செய்தது.

நிலம் பிழைத்த வாரத்தில் இதழ்கள் செத்தன

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

முதல்வர் மன்னிப்புக் கேட்டது 2023 செப்டம்பர் 21. அதற்கு ஆறு நாள் முன்பு, செப்டம்பர் 15 அன்று, ஒன்டாரியோவில் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர் வார இதழ்களை நடத்திவந்த 'மெட்ரோலேண்ட்' நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டது. அந்த வார இதழ்களின் அச்சுப் பதிப்பு அத்தனையும் நின்றது. 605 பேருக்கு வேலை போனது. டஃபின்ஸ் ரூஜ் நிலம் இருக்கிற பிக்கரிங்கின் வார இதழும் அதில் ஒன்று. எந்த ஊர்களின் வயல்களுக்காக அத்தனை போராட்டம் நடந்ததோ, அந்த ஊர்களின் நகர்மன்றத்தில் என்ன பேசினார்கள் என்று வீட்டுவாசலுக்குக் கொண்டு வந்த தாள் அதே வாரத்தில் நின்றுபோனது.

இது திடீரென்று வந்த நோய் இல்லை. 2017 நவம்பரில் அந்நாட்டின் இரண்டு பெரிய இதழ் நிறுவனங்கள் தங்களுக்குள் 41 இதழ்களை மாற்றிக்கொண்டு, அவற்றில் பெரும்பாலானவற்றை மூடிவிட்டன. 2008 முதல் 500-க்கும் மேற்பட்ட உள்ளூர்ச் செய்தி நிறுவனங்கள் மூடப்பட்டிருப்பதாக டொரன்டோ மெட்ரோபாலிட்டன் பல்கலைக்கழகத்தின் உள்ளூர்ச் செய்தி ஆய்வுத் திட்டம் கணக்கு வைத்திருக்கிறது.

சமூக ஊடகம் இருக்கிறதே என்பார்கள். செய்தி நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்று கனடா அரசு சட்டம் கொண்டுவந்தபோது, ஃபேஸ்புக்கை நடத்துகிற மெட்டா நிறுவனம் 2023 ஆகஸ்டில் கனடா முழுவதும் தன் தளங்களில் செய்திகளையே காட்டாமல் நிறுத்திவிட்டது. அதே மாதம் காட்டுத்தீ நெருங்கியதால் யெல்லோநைஃப் நகரத்தின் சுமார் 20,000 மக்களையும் ஊரைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். கெலோனா பக்கமும் தீ. எந்தச் சாலை திறந்திருக்கிறது என்ற செய்தியை ஃபேஸ்புக்கில் பகிரக்கூட முடியவில்லை. நம்முடைய செய்தியை வேறொருவன் வீட்டுத் திண்ணையில் வைத்தால், அவன் கதவைச் சாத்துகிற அன்று நமக்கு ஒன்னும் இருக்காது. நம்முடைய வாட்சப் குழுக்களை நம்பிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

மூடி மறைத்த சாக்கடை

டொரன்டோவுக்கு அருகே ஹாமில்டன் என்று ஓர் எஃகு ஆலை நகரம். அங்கே கழிவுநீரும் மழைநீரும் சேருகிற தொட்டி ஒன்றின் மதகு 2014 சனவரியிலிருந்து கொஞ்சம் திறந்தபடியே கிடந்தது. 2018 சூலையில்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குள் 2,400 கோடி லிட்டர் கழிவுநீரும் மழைநீரும் சேடோக் ஓடை வழியாக, 'கூட்ஸ் பாரடைஸ்' என்ற சதுப்பு நிலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. மீனும் பறவையும் வாழ்கிற, பல ஆண்டுகளாகப் பாடுபட்டு மீட்டுவந்த சதுப்பு நிலம் அது.

கசிவு நடந்தது மக்களுக்குத் தெரியும், எவ்வளவு என்பது தெரியாது. நகர்மன்றம் மூடிய அறையில் கூடி, அந்த அளவை வெளியே சொல்வதில்லை என்று முடிவெடுத்தது. 2019 நவம்பரில் 'ஹாமில்டன் ஸ்பெக்டேட்டர்' நாளிதழுக்கு அந்த இரகசிய ஆவணங்கள் கிடைத்தன. வெளியிட்டது. ஊர் கொதித்தது. நகர்மன்றம் மன்னிப்புக் கேட்டது.

இதன் பயன் மூன்று ஆண்டு கழித்துத் தெரிந்தது. 2022 நவம்பரில் அதே நகரத்தில் இன்னொரு கசிவு கண்டுபிடிக்கப்பட்டது. 1996-ல் ஒரு குழாயில் தவறாகப் போட்ட துளை வழியே 26 ஆண்டுகளாகச் சுமார் 50 வீடுகளின் கழிவு துறைமுக நீரில் கலந்துகொண்டிருந்தது. இந்த முறை நகராட்சி யாரும் கேட்பதற்கு முன்பாகத் தானே அறிவித்தது. இதழியலின் வெற்றி என்று நான் சொல்வது இதைத்தான். ஒருமுறை வெளிச்சம் பட்ட அலுவலகம், அடுத்த முறை மறைப்பதற்கு முன் இரண்டு தடவை யோசிக்கிறது.

அதே ஹாமில்டனில்தான் இன்னொன்றும் நடந்தது. நகர எல்லையை விளைநிலத்துக்குள் விரிக்கலாமா என்று 2021-ல் நகராட்சி வீடுதோறும் அஞ்சலில் கேட்டது. பதில் அனுப்பிய 18,000-க்கும் அதிகமானவர்களில் 90 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். இருக்கிற ஊருக்குள்ளேயே நெருக்கமாகக் கட்டிக்கொள்ளலாம் என்பது அவர்கள் கருத்து. 2021 நவம்பரில் நகர்மன்றம் 13-க்கு 3 என்ற வாக்கில் அதை ஏற்றது. அடுத்த ஆண்டு மாகாண அரசு அதை மீறி 2,200 எக்டேரை நகரத்தோடு சேர்க்க உத்தரவிட்டது. பசுமை வளைய விவகாரம் வெடித்த பிறகு, 2023 அக்டோபரில் அதையும் திரும்பப் பெற்றது. ஆனால் ஓய்ந்துவிடவில்லை. எல்லையை விரிக்க ஒரு நகராட்சி மறுத்தால் நிறுவனங்கள் நிலத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம் என்று 2024-ல் புதிய சட்டம் வந்துவிட்டது. ஒருமுறை வென்ற நிலத்தை ஒவ்வோர் ஆண்டும் திரும்ப வெல்ல வேண்டியிருக்கிறது. களை எடுக்கிற மாதிரிதான்.

தலைப்பு கெடுத்த திட்டம்

செய்தி எழுதினால் போதாது, எப்படி எழுதுகிறோம் என்பதும் இருக்கிறது. டொரன்டோவில் இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு.

சிமெண்ட் தரையும் கூரையும் எவ்வளவு பரப்போ அதற்கேற்ப மழைநீர்க் கட்டணம் வாங்குவது என்ற திட்டத்தை டொரன்டோ நகராட்சி பரிசீலித்தது. பக்கத்து நகரமான மிசிசாகாவில் 2016 முதலே இது நடக்கிறது. நியாயம் எளிது. ஒரு பெரிய கடைக்காரர் பத்து ஏக்கரைச் சிமெண்ட் போட்டு மூடிவிட்டு, அங்கிருந்து ஓடுகிற வெள்ளத்தை வடிக்கிற செலவைத் தோட்டம் வைத்திருக்கிற சிறிய வீட்டுக்காரர் தலையில் கட்டக் கூடாது. மண்ணைத் திறந்து வைத்திருப்பவருக்குக் கட்டணம் குறையும்.

ஆனால் ஊடகங்களில் ஓடிய பெயர் 'மழை வரி'. மழைக்கே வரி போடுகிறார்கள் என்று நையாண்டி கடல் தாண்டியும் பரவியது. 2024 வசந்த காலத்தில் நகராட்சி கருத்துக்கேட்பை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டு சூலை 16 அன்று டொரன்டோ விமான நிலையத்தில் 97.8 மில்லிமீட்டர் மழை பதிவானது. டான் பள்ளத்தாக்கு நெடுஞ்சாலையில் கார்கள் மிதந்தன. காப்பீட்டு இழப்பு மட்டும் 90 கோடி டாலருக்கும் மேல். அந்தக் கட்டணம் இருந்திருந்தால் வெள்ளம் வந்திருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஊர் கலந்து பேச வேண்டிய ஒரு கேள்வியை ஒரு தலைப்பு கொன்றுவிட்டது. 'மண்ணை மூடுகிறவர் செலவைக் கொடுக்கட்டும்' என்று எழுதியிருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும்.

மேற்குக் கரையில் வான்கூவர். 2021 சூன் மாத வெப்ப அலையில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 619 பேர் செத்துப்போனார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் வீட்டுக்குள்ளேயே செத்தவர்கள். பாதிக்கு மேல் தனியாக வாழ்ந்தவர்கள், முதியவர்கள், வசதி குறைந்த பகுதிக்காரர்கள். மாகாண இறப்பு விசாரணை அலுவலகத்தின் இந்த அறிக்கையைப் படித்தால், மர நிழலும் வீட்டுக் கட்டுமான விதியும் உயிர்ப் பிரச்சினை என்று விளங்கும். அதே வான்கூவரில், புதிய வீடுகளைச் சூடேற்ற எரிவாயு கூடாது என்று 2022 முதல் நடைமுறையில் இருந்த விதியை, 2024 சூலையில் வேறொரு விவாதத்தின் நடுவே ஒரு திருத்தமாகக் கொண்டுவந்து 6-க்கு 5 என்ற வாக்கில் நீக்க முடிவெடுத்தார்கள். செய்தி பரவியது. மக்கள் மன்றத்தில் பேசப் பதிவு செய்தார்கள். நவம்பரில் திரும்ப வாக்கெடுப்பு வந்தபோது 5-க்கு 5. சமநிலை என்பதால் நீக்கும் தீர்மானம் தோற்றது. ஒரு வாக்கு அங்குமிங்கும். உலக வெப்பநிலையைப் பற்றிய பெரிய பேச்செல்லாம் கடைசியில் ஒரு நகர்மன்ற அறையில் ஒருவர் கையைத் தூக்குவதில் வந்து நிற்கிறது.

கனடாவில் நூற்றுக்கணக்கான நகராட்சிகள் 'காலநிலை அவசர நிலை' அறிவித்திருக்கின்றன. அறிவிப்பது எளிது. அறிவித்த அன்று படத்தோடு செய்தி வரும். ஐந்து ஆண்டு கழித்து என்ன செய்தீர்கள் என்று கேட்கத்தான் ஆள் இருக்காது. எட்மன்டன் நகரம் தன் 2023–2026 வரவுசெலவுத் திட்டத்தோடு கரிம வெளியீட்டுக் கணக்கையும் சேர்த்து வெளியிட்டது. எந்தச் செலவால் எவ்வளவு புகை கூடும், குறையும் என்று பணத்துக்குப் பக்கத்திலேயே எழுதினார்கள். பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் அந்தக் கணக்கைப் படித்து, ஆண்டுதோறும் ஒப்பிட்டு எழுத ஓர் இதழாளர் இருந்தால்தான் அதற்குப் பயன்.

நாம் என்ன செய்வது?

கனடா அரசு 2019 முதல் செய்தி எட்டாத ஊர்களுக்குச் செய்தியாளர்களை அமர்த்த ஐந்து ஆண்டுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கியது, 2024-ல் அதை நீட்டித்தது. நல்லதுதான். ஆனால் அரசு கொடுக்கிற பணம் அரசு நிறுத்துகிற அன்று நிற்கும். நார்வால் போல வாசகர்கள் சிறுகச் சிறுகக் கொடுத்து நடத்துகிற இதழ்தான் எனக்கு நம்பிக்கை தருகிறது. விதையைச் சந்தையில் வாங்காமல் நாமே எடுத்து வைக்கிறோமே, செய்தியும் அப்படித்தான்.

உழவர் இயக்கம் நடத்துகிற இதழ்கள் மண்புழு உரம், மரபு விதை, மதிப்புக்கூட்டல் என்று நிறைய எழுதுகின்றன. எழுத வேண்டியவைதான். ஆனால் பத்தாண்டு பாடுபட்டு உயிர்ப்பித்த மண்ணுக்கு நடுவே ஒரு நாள் அளவுக்கல் நட்டால், நம் பஞ்சகவ்யம் அதைக் காப்பாற்றாது. அந்த அளவுக்கல் நம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே, ஏதோ ஓர் அலுவலகத்தில் நிலப் பயன்பாட்டு வரைபடத்தில் நம் வயலின் நிறம் மாறியிருக்கும். அந்த நிற மாற்றத்தைக் கண்டு எழுதுவதும் இயற்கை வேளாண்மையின் வேலைதான் என்பது என் கருத்து.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. நம்மிடம் 2005-லிருந்து தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. வில்லங்கச் சான்று இணையத்திலேயே கிடைக்கிறது. ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. நகருக்கு முழுமைத் திட்டம் வரைந்தால் கருத்துக்கேட்பு வைக்கிறார்கள். டொரன்டோ செய்தியாளர்கள் கையில் இருந்த கருவிகளும் ஏறக்குறைய இவைதான். ஒவ்வொரு வட்டாரத்திலும் இரண்டு பேர் போதும். ஒருவர் கூட்டத்தில் உட்கார்ந்து என்ன பேசினார்கள், என்ன தீர்மானம், யார் ஏற்றார், யார் மறுத்தார் என்று எழுத வேண்டும். இன்னொருவர் ஆவணத்தைப் பார்க்க வேண்டும். சுற்று வட்டாரத்தில் கடந்த மூன்று ஆண்டுகளில் பெரிய அளவில் நிலம் வாங்கியது யார், அதன் பிறகு அந்தப் பக்கம் என்ன திட்டம் வந்தது என்று பொருத்திப் பார்க்க வேண்டும். அடைமொழி வேண்டாம், வசை வேண்டாம். சர்வே எண், தேதி, ஏக்கர், பெயர். அவ்வளவுதான். பசுமை வளையக் கட்டுரையின் வலிமையே அந்த நான்கில்தான் இருந்தது.

பிக்கரிங் பக்கத்தில் விமான நிலையத்துக்காக 1972-ல் ஒன்றிய அரசு 18,600 ஏக்கரை எடுத்தது. விமான நிலையம் வரவே இல்லை. 2025 சனவரியில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டதாக அரசு அறிவித்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக அந்த ஊர் மக்கள் கூட்டம் போட்டார்கள், எழுதினார்கள், அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஏற்கெனவே எடுத்துவிட்ட நிலத்துக்கே இந்த நிலை என்றால், இன்னும் நம் கையில் இருக்கிற நிலத்தைப் பற்றி 'தடுக்க முடியாதுங்க' என்று சொல்லிவிட்டு எழுந்து போக நமக்கு உரிமை இல்லை.

அடுத்த கிராம சபைக்குப் போகும்போது ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போங்க. நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்க. எழுத்துப்பிழையைத் திருத்திக்கொள்ளலாம். நடந்ததை நீங்கள்தான் எழுத முடியும்.